பாரிச வாயுவும் காலமறிதலும்

நம் நாட்டார் பாரிச வாயு என்றும் பக்கவாதம் என்றும் வழங்கும் நோய்க்கு அப்பெயர் வந்தது, உடலின் ஒரு பக்கத்தை வாயு தாக்கிச் செயலறச் செய்கின்றது என்று முன்னோர் கருதியதனாலேயாம். பெயர் கையையும் காலையும் சுட்டினும் நோயின் இருப்பிடம் தலையே. மூளையின் இரத்தக் குழாயொன்று உறைந்த இரத்தக் கட்டியால் அடைபடுவதாலேனும், வெடித்துக் குருதி சொரிவதாலேனும் இந்நோய் உண்டாகின்றது. மூளையின் இடப்பாகம் கெட்டால் வலக்கை வீழும். வலப்பாகம் கெட்டால் இடக்கை வீழும். பெரிய குழாயொன்று அடைபட்டவிடத்து நிமிடமொன்றுக்கு ஏறக்குறைய 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று கணக்கிட்டிருக்கின்றனர்.

இத்துணைப் பெரிய அழிவு பெரும்பாலும் வலியின்றி நிகழ்வதே இந்நோயின் வஞ்சகம். தேள் கொட்டினால் ஊரைக் கூட்டும் மனிதன், கை மரத்துப்போனால், சற்றுப் படுத்தெழுந்தால் சரியாகிவிடும் என்று பாயைத் தேடுகிறான்.

கற்றோரும் இதற்கு விலக்கல்லர். 1868-ஆம் வருஷம் அக்டோபர் 19-ந் தேதி காலையில், பிரெஞ்சு விஞ்ஞானியாகிய லூயி பாஸ்டர் தம் இடப்பக்கத்தில் ஒருவகைக் குறுகுறுப்பை உணர்ந்தார். பகலுணவுக்குப்பின் நடுக்கமும் கண்டது. ஆயினும் பட்டுப்புழுவைப் பற்றிய கட்டுரையொன்றைப் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் வாசிக்க வேண்டியிருந்தமையால் எழுந்து சென்றார், வாசித்தார், நண்பர்களுடன் நடந்தே வீடு திரும்பினார். இரவு படுக்கையிற் சாய்ந்ததும் பேச நாவெழவில்லை. பின்னர் இடக்கையும் இடக்காலும் செயலற்றன. அப்பொழுது அவருக்கு வயது 45. வெறிநாய்க்கடிக்கு அவர் கண்ட தடுப்பூசியை 1885-இல் ஒரு சிறுவனுக்கு இட்டுக் காத்தது, அவ்வூனம் முற்றும் நீங்காத நிலையிலேயாம். எனினும் அவரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. காலையிலேயே வைத்தியரை அழைத்திருந்தாலும், அட்டை விடுவதற்குமேல் அக்காலத்தார் அறிந்தது சொற்பமே.

இன்று நிலை வேறு. நோய் தொடங்கி 4½ மணி நேரத்திற்குள் மருத்துவமனை சேர்ந்தால், தலையைப் படமெடுத்துக் குருதிக்கசிவு இல்லையென்று தெளிந்தபின், கட்டியைக் கரைக்கும் மருந்தை ஊசி வழியே செலுத்துகின்றனர். பெரிய குழாயின் அடைப்பாயின், தக்கவர்களுக்கு மெல்லிய குழலைச் செலுத்திக் கட்டியையே வெளியில் இழுப்பதுமுண்டு. சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் இது பயன்படும். ஆகையால் மருத்துவர் முதலிற் கேட்பது, நோயாளி கடைசியாக நலமாக இருந்தது எத்தனை மணிக்கு என்பதே. வீட்டார் அதனைக் குறித்துவைத்தல் வேண்டும்.

அறிகுறிகளை அறிய வைத்தியக் கல்வி வேண்டுவதில்லை. சிரிக்கச் சொன்னால் வாய் ஒருபுறம் கோணும். இரு கைகளையும் நீட்டச் சொன்னால் ஒன்று தாழும். எளிய வாக்கியமும் குழறும். திடீரெனப் பார்வை மங்குதலும், நடை தள்ளாடுதலும், இதுகாறும் அறியாத கடுந்தலைவலியும் இவ்வினத்தனவே. இவற்றுள் ஒன்று கண்டாலும் 108-ஐ அழைக்க. எண்ணெய் தேய்த்துக்கொண்டிருத்தல் காலத்தை விழுங்கும். தண்ணீரோ மாத்திரையோ புகட்டலாகாது. விழுங்கும் ஆற்றல் குன்றியிருப்பின் அது மூச்சுக்குழலுட் புகும். அறிகுறி சில நிமிடங்களில் மறைந்துவிட்டால் மகிழ்ந்து வீட்டிலிருத்தலும் தவறு; அடுத்த இரண்டு நாள்களே மிகுந்த அபாயமுடையவை.

இனி, வருமுன் காத்தல். புகையிலை, நீரிழிவு, ஒழுங்கற்ற நாடித்துடிப்பு ஆகிய யாவும் இந்நோய்க்கு வழிகோலுவனவாயினும், தலைமையானது இரத்தக் கொதிப்பேயாம். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு 1944-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் அது 186-க்கு 108 என்று இருந்தது. 1945 ஏப்ரல் 12-ந் தேதி, பின்தலையில் கடும் வலியென்று கூறிச் சாய்ந்தபொழுது 300-க்கு 190; அன்றே மாண்டார். உலகப் போரை நடத்திய தலைவருக்கும் அந்நாளில் ஏற்ற மாத்திரை கிடைக்கவில்லை. இன்று அஃது எந்தச் சிற்றூர் மருந்துக்கடையிலும் சொற்ப விலைக்குக் கிடைக்கின்றது. அளந்து பார்த்து, 140-க்கு 90 என்னும் அளவை எட்டிப் பலமுறையும் அவ்வாறே நின்றால் மருத்துவரைக் காண்க. உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் அடங்கல் வேண்டும். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் இக்கணக்கிற் சேர்ந்தனவே என்பதை நம்மவர் மறந்துவிடுகின்றனர்.

உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று தாமாகவே மாத்திரையை நிறுத்துவோர் பலர். நன்றாக இருப்பது அம்மாத்திரையினாலே. நிறுத்தினால் கொதிப்பு மீண்டும் ஏறும்; ஏறுங்காலும் வலி இராது.