தலைவலி நாட்குறிப்பு

தலைவலி நாட்குறிப்பு என்பது, கடுமையான தலைவலி அடிக்கடி வரும் ஒருவர் வலி வந்த நாள், நேரம், கடுமை, உடன் வந்த அறிகுறிகள், உட்கொண்ட மருந்து ஆகியவற்றை நாள்தோறும் எழுதி வைக்கும் பதிவாகும். மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலைவலியை உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. மூளை ஸ்கேன் கூட வேறு நோய் இல்லை என்று காட்டவே பயன்படுகிறது. நோயாளி சொல்லும் விவரமே நோயறிதலின் அடிப்படையாகும். அந்த விவரமோ பெரும்பாலும் நினைவிலிருந்து வருவது. படுக்கையில் தள்ளிய வலி நினைவில் நிற்கும். மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போன நாள் மறந்துவிடும். எனவே "மாதத்திற்கு நாலைந்து முறை" என்று சொல்பவரின் பதிவில் பன்னிரண்டு நாட்கள் இருப்பது வியப்பல்ல.

பெயர்களும் குழப்பத்தைக் கூட்டுகின்றன. வலியோடு குமட்டலும் வாந்தியும் வந்தால் திண்டுக்கல் பகுதியில் பலர் அதைப் பித்தம் என்பர். நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் வலித்தால் சைனஸ் என்பர். இரண்டுமே மைக்ரேனாக இருக்கக்கூடும். "ஒற்றை" என்ற சொல்லும் தவறாக வழிகாட்டுகிறது. மைக்ரேன் தலையின் இருபுறமும் வரலாம்.

எழுத வேண்டியவை

தனி நோட்டுப் புத்தகம் தேவையில்லை. பால் கணக்கும் எரிவாயு உருளை வந்த தேதியும் குறிக்கப்படும் மாதக் காலண்டரே போதும். வலி தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் முக்கியமானவை. மருந்தின்றி விட்டால் மைக்ரேன் வலி பெரியவர்களுக்கு 4 முதல் 72 மணி நேரம் நீடிக்கும்; கண்ணைச் சுற்றிக் கடுமையாகக் குத்தும் கொத்துத் தலைவலி 15 முதல் 180 நிமிடங்களில் அடங்கும். கடுமையை 0 முதல் 10 வரையான எண்ணால் குறிக்கலாம். வெளிச்சமும் சத்தமும் தாங்க முடியாமை, வாந்தி, கண்ணில் மின்னல் கோடுகள் தெரிதல், வேலைக்கோ பள்ளிக்கோ போக முடியாமை ஆகியவற்றுக்கு ஓர் எழுத்து வீதம் குறியீடு வைத்துக்கொள்ளலாம். பெண்கள் மாதவிடாய் தொடங்கிய நாளையும் குறிக்க வேண்டும். அதற்கு இரண்டு நாள் முன்பிருந்து மூன்றாம் நாள் வரையான இடைவெளியில், மூன்று சுழற்சிகளில் இரண்டிலாவது வலி வருகிறதா என்பதை மருத்துவர் பார்ப்பார்.

வலி இல்லாத நாட்களையும் குறிப்பது அவசியம். கட்டம் வெறுமையாக இருந்தால் வலி இல்லையா, எழுத மறந்ததா என்று தெரியாது.

வெள்ளிக்கிழமைச் சிக்கல்

தூண்டுதலைக் கண்டுபிடிப்பதற்காகவே பலர் நாட்குறிப்பைத் தொடங்குகின்றனர். இதில்தான் தவறான முடிவுகளும் மிகுதி. தமிழ்நாட்டுப் பெண் ஒருவருக்கு வெள்ளிதோறும் தலைவலி வருவதாகக் கொள்வோம். அன்று அவர் தலைக்குக் குளிக்கிறார், ஈரக் கூந்தலில் நிலக்கோட்டை மல்லிகையைச் சூடுகிறார், சாம்பிராணி போடுகிறார், பூசை முடியும் வரை சாப்பிடுவதில்லை. தலைக்குளியல், கடுமையான மணம், பசி ஆகிய மூன்றுமே தூண்டுதல்களாக அறியப்பட்டவை. தலைக்குளியலால் மைக்ரேன் தூண்டப்பட்ட 94 இந்திய நோயாளிகளைப் பற்றி மும்பை மருத்துவர் கே. ரவிசங்கர் 2006இல் மருத்துவ இதழொன்றில் எழுதினார். அதற்காக வீட்டில் எல்லோரும் குளியல்மீதே பழிபோட வேண்டியதில்லை. ஒரு வாரம் காலையில் சாப்பிட்டுவிட்டு, மறுவாரம் பூவைத் தவிர்த்து என ஒவ்வொன்றாக மாற்றி எழுதினால்தான் எது காரணம் என்று பிரியும். நான்கைந்து வாரங்களாவது ஆகும்.

நூற்பாலைகளில் இரவு முறை மாறி வேலை செய்வோர் தூங்கிய நேரத்தை எழுதுவது பயன் தரும். கோடை வெயிலில் சமவெளிப் பகுதிகளில் வேலை செய்வோர் தண்ணீர் குடித்த அளவைக் குறிக்கலாம்.

தூண்டுதல் எனத் தோன்றுவது சிலவேளை வலியின் தொடக்கமாகவே இருக்கும். 2003இல் வெளியான ஓர் ஆய்வில் 97 பேரின் மின்னணு நாட்குறிப்புகள் ஆராயப்பட்டன. களைப்பு, கவனம் சிதறல், கழுத்து இறுக்கம் போன்ற முன்னறிகுறிகளைப் பதிந்து "தலைவலி வரும்" என்று எழுதியவற்றுள் 72 விழுக்காடு சரியாக இருந்தன. "கழுத்துப் பிடித்துக்கொண்டதால் தலைவலி வந்தது" என்பது பலருக்குத் தலைகீழான விளக்கம்.

மாத்திரைக் கணக்கு

நாட்குறிப்பின் மிக மதிப்புள்ள பகுதி இதுவே, பெரும்பாலும் விடுபடுவதும் இதுவே. தலைவலி நோயுள்ளவர் வலிநிவாரணியை அளவுக்கு மீறிய நாட்கள் எடுத்தால் அந்த மருந்தே தலைவலியை அடிக்கடி வரச்செய்யும். பன்னாட்டுத் தலைவலிக் கழகத்தின் 2018ஆம் ஆண்டு வகைப்பாட்டின்படி, மூன்று மாதங்களுக்கு மேலாக, பாராசிட்டமால் போன்ற தனி மருந்தை மாதம் 15 அல்லது அதற்கு மேற்பட்ட நாட்கள் எடுப்பது மிகைப் பயன்பாடாகும். எர்கோட்டமின், டிரிப்டான் வகை, பல மருந்துகள் கலந்த மாத்திரை ஆகியவற்றுக்கு எல்லை 10 நாட்கள்தான். மருந்துக்கடையில் "தலைவலி மாத்திரை" என்று கேட்டு வாங்கும் பலவற்றில் பாராசிட்டமாலுடன் காஃபீன் அல்லது எர்கோட்டமின் கலந்திருக்கும். ஆகவே அட்டையில் அச்சிட்ட மருந்துப் பெயரைப் பார்த்து எழுத வேண்டும். கணக்கிடப்படுவது நாட்களே, மாத்திரைகள் அல்ல. ஒரே நாளில் இரண்டு போட்டாலும் ஒரு நாள்தான்.

எண்ணிக்கை எல்லையைத் தாண்டியிருந்தால் தாமாக எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நிறுத்திய முதல் சில நாட்களில் வலி கூடக்கூடும்.

மருத்துவரிடம்

2022இல் தொடங்கிவைக்கப்பட்ட திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையிலோ, மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலோ, புறநோயாளிக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். மூன்று மாதக் காலண்டர் தாளை அந்த நேரத்திற்குள் படித்துவிடலாம். மாதம் 15 அல்லது அதற்கு மேற்பட்ட நாட்கள் தலைவலியும், அவற்றில் குறைந்தது 8 நாட்கள் மைக்ரேன் தன்மையும் மூன்று மாதங்களுக்கு மேல் இருந்தால் அது நாட்பட்ட மைக்ரேன், சிகிச்சை மாறும். புரோப்ரனலால், அமிட்ரிப்டிலின் போன்ற தடுப்பு மருந்துகள் தரப்பட்ட பின்னும் பதிவைத் தொடர வேண்டும். தலைவலி நாட்கள் பாதியாகக் குறைந்தால் மருந்து பலன் தருவதாகக் கருதப்படும்.

சில தலைவலிகளை எழுதிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. ஒரு நிமிடத்திற்குள் உச்சம் தொடும் திடீர் வலி, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் கூடிய வலி, கைகால் பலவீனமோ பேச்சுக் குழறலோ உள்ள வலி, தலையில் அடிபட்ட பின் வந்த வலி ஆகியவற்றுக்கு உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். 50 வயதுக்குப் பின் முதன்முறையாகத் தொடங்கும் தலைவலியையும் தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.