ஒரு வினைச்சொல்லின் சரித்திரம்

அமிழ்தலைக் குறிக்கும் "சிங்க்" என்னும் ஆங்கில வினைக்கு இறந்தகால வடிவம் "சேங்க்" என்று இலக்கணப் புத்தகம் விதித்திருக்க, பழைய ஆங்கில நாவல்களிலே "சங்க்" என்றும் அச்சாகியிருக்கிறதே, இது பிழைதானா என்று கல்லூரி மாணவர் ஒருவர் எனக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். பரீட்சைக்கென்று அச்சிடப்படும் வழிகாட்டிகளைக் கேட்டால், பிழை என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புக் கூறிவிடும். எனக்கு அந்தத் தீர்ப்பில் சம்மதமில்லை.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வழங்கிய ஆங்கிலத்திலே, ஒருவன் அமிழ்ந்தான் என்று கூறுவதற்கு "சங்க்" என்று அகரம் பயின்ற வடிவமும், பலர் அமிழ்ந்தார்கள் என்று கூறுவதற்குச் "சுங்கொன்" என்று உகரம் பயின்ற வடிவமும் இருந்தன. நாம் வினையின் ஈற்றிலே மட்டும் காட்டும் ஒருமை பன்மை பேதத்தை, அம்மொழி ஈற்றோடு நில்லாமல் சொல்லின் நடுவிலுள்ள உயிரிலும் காட்டிற்று. காலக்கிரமத்தில் அந்தப் பேதம் மறைந்தது; வடிவங்களோ மறையவில்லை. அகர வடிவத்தின் வழியில் இன்றைய "சேங்க்" என்பதும், உகரத்தின் வழியில், பழைய ஒருமையோடு ஒலியில் மட்டும் ஒத்த இன்றைய "சங்க்" என்பதும் நின்று, ஒரே ஸ்தானத்துக்கு உரிமை கொண்டாடலாயின. இவ்வாறு வழக்காடிய வினைகள் பல. "டிரிங்க்" என்பதில் அகரக் கட்சியும், "ஸ்விங்", "ஸ்டிங்" என்பவற்றில் உகரக் கட்சியும் வென்றன. நம் "சிங்க்" மட்டும் நெடுங்காலம் இரண்டுங்கெட்டானாகவே இருந்தது. 1755ஆம் ஆண்டில் தம் பேரகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், "சங்க்" என்பதையே இறந்தகாலமாகக் கொண்டு, "சேங்க்" என்பது முற்கால வழக்கு என்று குறித்துவிட்டார்! அவ்வளவு பெரிய பண்டிதர் பழமையென்று ஒதுக்கிய வடிவமே, பிற்பாடு மீண்டு வந்து பள்ளிக்கூடங்களில் ஆட்சி செலுத்துகிறது. மற்றதையும் இறந்தகாலமாக ஏற்கும் அமெரிக்க அகராதிகள் இன்றும் உண்டு. ஆகவே, அந்த நாவலாசிரியர்கள்மீது குற்றமில்லை. வினைகளை மும்மூன்று வடிவங்களாக நிறுத்தி, பிரம்பைக் காட்டி உருப்போடச் செய்யும் நம் ஆசிரியர்கள், இந்த வழக்கின் கதையில் கால்பங்கையாவது கூறினால், பிள்ளைகள் அந்த வாய்பாட்டைக் கண்டு இவ்வளவு அஞ்சமாட்டார்கள்.

இதே வினையின் "சங்கன்" என்ற வடிவம் இன்று பெரும்பாலும் பெயருக்கு முன்னே அடையாக நிற்பது; குழிவிழுந்த கண்களுக்கும் கடலடிப் புதையலுக்கும் அது பொருந்தும். அமிழ்தலின் வகைக்கேற்ப வேறு சொற்களும் உண்டு. நீரில் மூச்சடைத்து உயிர்விடுவதற்கு "டிரௌன்" என்பார்கள். கப்பலுக்கு அது ஆகாது. தண்ணீர் புகுந்து நிறைந்து கப்பல் அடியிற் போவது "ஃபவுண்டர்". அடித்தளம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தன் கப்பலைத் தானே வேண்டுமென்று அமிழ்த்துவது "ஸ்கட்டில்". 1919 ஜூன் 21ஆம் தேதி, ஸ்காட்லாந்தின் வடக்கே ஸ்காபா ஃப்ளோ என்னுமிடத்தில் காவலில் இருந்த ஜெர்மானியக் கடற்படையின் 74 கப்பல்களுள் 52 கப்பல்கள், தளபதி ராய்ட்டரின் கட்டளைப்படி இவ்விதமே அமிழ்த்தப்பட்டன.

அமிழ்தல், அமிழ்த்தல் என்று நாம் தன்வினையையும் பிறவினையையும் பிரிப்பதுபோலப் பழைய ஆங்கிலமும் பிரித்தது. அமிழ்த்துவதற்குச் "செங்கன்" என்ற தனிவினை இருந்தது. அது வழக்கொழிந்துபோனமையால், கப்பல் தானே அமிழ்ந்தாலும் பகைவன் அமிழ்த்தினாலும் இன்று "சிங்க்" ஒன்றே இரண்டு வேலைகளையும் செய்யவேண்டியிருக்கிறது. அதே வகைப் பிறவினைகளுள் பிழைத்திருப்பவற்றில் ஒன்று, "டிரிங்க்" என்பதற்கு இணையான "டிரெஞ்ச்". அதற்குக் குடிப்பித்தல் என்பதே ஆதிப்பொருள். மழையில் தெப்பமாக நனைதலைக் குறிப்பது பின்னால் வந்தது. எங்கள் கிராமத்திலே, சீக்கு வந்த மாட்டின் தலையை இருவர் பிடித்துக்கொள்ள, மூங்கிற் குழாயால் கஷாயம் புகட்டுவார்களே, அந்தக் காரியத்துக்கு ஆங்கிலேயப் பண்ணைகளில் இன்றும் "டிரெஞ்ச்" என்றே பெயர்.