பழைய வீட்டைக் கலை மன்றத்துக்குக் கொடுக்கலாமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

பரம்பரை வீட்டை இடிக்கவும் மனமில்லை, பராமரிக்கவும் ஆளில்லை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் இப்படிப்பட்ட வீடுகளைக் கலை, பண்பாட்டுப் பணிக்குக் கொடுப்பது குறித்து எழும் சந்தேகங்களும் அவற்றுக்கான விளக்கங்களும்:

இதற்கு உள்ளூரில் முன்னுதாரணம் உண்டா?

உண்டு. ராஜபாளையத்தில் 1898-ல் பிறந்த பி.எஸ்.குமாரசாமி ராஜா, 1949 ஏப்ரல் முதல் 1952 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் முதல்வராகவும், பின்னர் ஒடிசா ஆளுநராகவும் இருந்தவர். அவர் பொதுப்பணிக்கு வழங்கிய சொந்த வீடே காந்தி கலை மன்றமானது. பதவியில் உயர்ந்தவர்கள் சொத்து சேர்ப்பதே வழக்கம் என்று பேசப்படும் நாட்டில், இது நினைவில் நிறுத்த வேண்டிய கொடை.

ஸ்ரீவில்லிபுத்தூர் நாயக்கர் மகாலையும் இப்படி மாற்ற முடியுமா?

அது தனியார் வீடு அல்ல. மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். 1966-ம் ஆண்டு தமிழ்நாடு தொல்லியல் சின்னங்கள் சட்டப்படி, அங்கு எந்த மாற்றத்துக்கும் அரசின் அனுமதி தேவை. பயன்பாடு மாறக் கூடாது என்பதில்லை. திருமலை நாயக்கர் 1636-ல் கட்டிய மதுரை மகாலில் 1970 வரை நீதிமன்றம் நடந்தது. இன்று அது மக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது.

வாய்மொழியாகவோ வெள்ளைத்தாளில் எழுதியோ கொடுத்தால் போதாதா?

போதாது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 123-வது பிரிவின்படி வீட்டைத் தானமாகக் கொடுக்கும் பத்திரத்தில் குறைந்தது 2 சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பத்திரம் பதிவு செய்யப்பட வேண்டும். கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே பெறுபவர் ஏற்றுக்கொள்வதும் கட்டாயம்.

யார் பெயருக்கு எழுதுவது?

பதிவு பெற்ற சங்கம் அல்லது அறக்கட்டளையின் பெயருக்கு எழுதலாம். 1975-ம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி சங்கம் தொடங்கக் குறைந்தது 7 பேர் வேண்டும்.

செலவு எவ்வளவு?

குடும்பத்தினர் அல்லாதவருக்குக் கொடுக்கும் தானப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 50 லட்சம் ரூபாய் மதிப்புள்ள வீட்டுக்கு மொத்தம் 4.5 லட்சம் ரூபாய் ஆகும். உயிலாக எழுதினால் முத்திரைத் தீர்வை கிடையாது. ஆனால், எழுதியவரின் காலத்துக்குப் பிறகே உயில் நடைமுறைக்கு வரும். அதுவரை அவர் அதை மாற்றவும் செய்யலாம்.

பூர்வீக வீடாக இருந்தால்?

பங்குதாரர்கள் அனைவரின் சம்மதமும் கையெழுத்தும் இருந்தால்தான் முழு வீட்டையும் கொடுக்க முடியும். இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் 2005 செப்டம்பர் 9-ல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை உண்டு. மணமாகிச் சென்ற மகளைக் கேட்காமல் எழுதிய பத்திரம் பின்னாளில் வழக்கில் சிக்கும்.

வாங்கிய அமைப்பு வீட்டைப் பாழாகவிட்டால் திரும்பப் பெற முடியுமா?

நிபந்தனை இன்றிக் கொடுத்துவிட்டால் மிகவும் கடினம். ‘கலைப் பணி நின்றுபோனால் தானம் ரத்தாகும்’ என்பது போன்ற நிபந்தனையை இரு தரப்பும் ஒப்புக்கொண்டு பத்திரத்திலேயே எழுத, சொத்து மாற்றுச் சட்டத்தின் 126-வது பிரிவு இடம் தருகிறது. ‘கொடுத்தவர் விரும்பினால் ரத்து செய்யலாம்’ என்று எழுதினால் அந்தத் தானமே செல்லாது. பலரும் கவனிக்காமல் விடுவது இந்த இடத்தைத்தான். வழக்கறிஞரைக் கலந்து எழுதுவதே பாதுகாப்பு.

சிமென்ட் பூசிப் புதுப்பிக்கலாமா?

கூடாது. சுண்ணாம்புக் காரையில் எழுந்த சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, காரை பொடிந்து உதிரும். ஊறவைத்த சுண்ணாம்பையும் மணலையும் கடுக்காய், வெல்லம் ஊறிய நீர் விட்டு அரைத்துப் பூசும் பழைய முறையே இத்தகைய வீட்டுக்குப் பொருந்தும்.

தானப் பத்திரத்தை எப்போதுக்குள் பதிய வேண்டும்?

கையெழுத்திட்ட நாளிலிருந்து 4 மாதங்களுக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும். தவிர்க்க முடியாத காரணத்தால் தாமதமானால் மேலும் 4 மாதங்கள் வரை அனுமதி பெறலாம். அதற்குப் பதிவுக் கட்டணத்தைப் போல 10 மடங்கு வரை அபராதம் விதிக்கப்படும்.