பாலத்துக்கு எதற்குக் கூரை?

மரப்பாலம் ஒன்றின் மேல் வீட்டுக்கு இருப்பதுபோலக் கூரை. இருபுறமும் பலகைச் சுவர். படத்தில் பார்த்தால், பயணிகள் மழையில் நனையாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு என்று தோன்றும். உண்மையில் நனையக் கூடாதது மரம்.

இத்தகைய பாலத்தின் பாரத்தைச் சுமப்பவை, நீளவாக்கில் நிற்கும் மரச் சட்டகங்கள். நெடுமரங்களும் குறுக்குச் சாய்மரங்களும் சேரும் மூட்டுகளில் நீர் தேங்கினால் மரம் உளுத்துவிடும். மூடாத மரப்பாலம் இருபது ஆண்டுகள் தாங்குவதே அரிது. கூரைப் பலகை உளுத்தால் மாற்றிவிடலாம். சட்டகத்தை மாற்றுவது பாலத்தையே புதிதாகக் கட்டுவதற்குச் சமம்.

கூரையால் ஒரு வேடிக்கையான தொல்லையும் வந்தது. குளிர்காலத்தில் பாலத்துக்குள் பனி விழாததால் சறுக்குவண்டிகள் ஓடவில்லை. எனவே ஆட்களை வைத்துப் பனியை அள்ளிக் கொண்டுவந்து பாலத்துக்குள் கொட்டினார்கள்!

இவ்வகைப் பாலங்களுள் பெயர்பெற்றது, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஸ்கோஹாரி ஓடையின் மேல் நின்ற பழைய பிளென்ஹைம் பாலம். நிக்கலஸ் பவர்ஸ் என்ற பாலக் கட்டுநர் 1855இல் இதைக் கட்டினார். ஏறத்தாழ 64 மீட்டர் அகலத்தை நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் ஒரே தாவலில் கடந்தது. மூன்று சட்டகங்கள், அவற்றுக்கிடையே இரண்டு தடங்கள். நடுச் சட்டகத்துக்குள் பெரிய மர வில்வளைவு ஒன்றும் இருந்தது. இவ்வளவு நீளம் நிற்காது என்று ஊரார் சிரித்தார்களாம். சாரத்தைப் பிரித்த நாளில் பவர்ஸ் கூரைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டார் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கதையோ உண்மையோ, பாலம் நின்றது.

ஓடையில் தூண் இல்லாதது எவ்வளவு பெரிய காரியம் என்பதை 1987 காட்டியது. அந்த ஏப்ரலில், இதே ஓடையின் கீழ்ப்பகுதியில் இருந்த விரைவுச்சாலைப் பாலம் இடிந்து 10 பேர் இறந்தனர். வெள்ளம் தூணின் அடியில் மண்ணை அரித்துவிட்டது. அந்தக் கான்கிரீட், எஃகுப் பாலத்துக்கு வயது சுமார் 33 தான். பவர்ஸின் மரப்பாலமோ அப்போது 130ஐத் தாண்டியிருந்தது.

ஆனால் 2011 ஆகஸ்ட் 28 அன்று ஐரீன் புயலின் வெள்ளம் அடியில் அரிக்கவில்லை. பாலத்தின் உயரத்துக்கே ஏறி வந்தது. மழையைத் தடுத்த அதே பலகைச் சுவர்கள், வெள்ளம் மோதித் தள்ள அகன்ற பரப்பாக அமைந்தன. 156 ஆண்டுகள் நின்ற பாலம் அடித்துச் செல்லப்பட்டது.

1930களிலேயே பக்கத்தில் எஃகுப் பாலம் வந்துவிட்டதால், இது நடப்பவர்களுக்கான பாலமாகவே இருந்தது. போனது போகட்டும் என்று விட்டிருக்கலாம். ஊர்மக்கள் விடவில்லை. மத்திய அரசின் பேரிடர் முகமை முதலில் நிதி தர மறுத்தது. மக்கள் திரும்பத் திரும்ப முறையிட்ட பிறகே பணம் கிடைத்தது. பழைய பாலத்தின் வடிவிலேயே புதிய மரப்பாலம் 2018இல் நிறைவுற்றது.

இது பழைய பாலமா, அதன் நகலா? பழைய பாலம் பெற்றிருந்த தேசிய வரலாற்றுச் சின்னத் தகுதி பறிபோய்விட்டது. ஆவணப்படி அது சரி. ஆனால் அந்த நீளச் சட்டகத்தை மரத்தில் மறுபடி கோத்து நிறுத்த இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை நகல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பவர்ஸின் வடிவில் அவர்கள் துணிந்து செய்த பெரிய மாற்றம் ஒன்று: பாலத்தை முன்பைவிட உயரத்தில் நிறுத்தியிருக்கிறார்கள்.