தண்டல் நோட்டு

ஐப்பசி மழை இறங்கிவிட்டால் எங்கள் மரக்காணம் உப்பளத்தில் பாத்தியெல்லாம் வெள்ளம், வேலை கிடையாது. போன மழைக்கு அம்மா தண்டல் வாங்கினாங்க. "நாளுக்கு நூறு ரூபா, நூறு நாள்தானேடா" என்றாங்க.

நோட்டை வாங்கிக் கணக்குப் போட்டேன். எழுதியது 10,000 ரூபாய். முதலிலேயே 1,500 பிடித்துக்கொண்டு கையில் கொடுத்தது 8,500. நூற்றுக்குப் பதினைந்துதானே என்று தோன்றும். ஆனால் தினமும் கட்டக் கட்ட அசல் குறைகிறது. சராசரியாகப் பாதிப் பணம்தான் நம்மிடம் இருக்கிறது; அதுவும் நூறே நாளைக்கு. வருஷக் கணக்கில் பார்த்தால் வட்டி சுமார் 120 சதவீதம்!

தண்டல், கந்துவட்டி, மீட்டர் வட்டி என்று அநியாய வட்டி வாங்குவதைத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. 3 ஆண்டு வரை சிறை உண்டு. அம்மாவோ, "ஆத்திரத்துக்குக் கொடுத்தவரு, புகார் பண்றதா?" என்றாங்க. சரி, வேறு வழி பார்த்தோம்.

அம்மா மகளிர் குழுவில் இருக்காங்க. கிராமத்துக் குழுக்களுக்கு வங்கியில் 3 லட்சம் வரை 7 சதவீத வட்டி என்று 2022-ல் ரிசர்வ் வங்கி அறிவித்தது. அதே 8,500-ஐ அந்த வட்டியில் நூறு நாளில் அடைத்தால் வட்டி நூறு ரூபாய்கூட வராது. குழுவில் கடன் எடுத்துத் தண்டலை முடித்தோம்.

எங்கள் வீட்டில் முதன்முதலில் படிப்பவன் நான். அந்த நோட்டைக் காட்ட அம்மா வெட்கப்பட்டாங்க. உங்கள் வீட்டிலும் ஒரு நோட்டு இருக்கலாம். கேட்டு வாங்கிப் பாருங்கள், நண்பர்களே! நாம் படித்த கணக்கு முதலில் அங்கே உதவட்டும்.