கிண்டியில் படித்தவரின் கணக்கும் மயிலாப்பூர் டிவியும்

மார்கழி பிறந்துவிட்டால் மயிலாப்பூர், அடையாறு வீடுகளில் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு வேலை கூடிவிடும். சபாவரை போய் உட்கார முடியாத தாத்தா பாட்டிக்காக, ஃபோனில் வரும் கச்சேரியை டிவியில் போட்டுக் கொடுக்க வேண்டும். ஃபோனில் இரண்டு தட்டு தட்டினால் போதும், கம்பி எதுவும் இல்லாமல் உள்ளங்கைப் படம் சுவரளவுக்கு விரிந்துவிடுகிறது. தினம் நடப்பதுதான் என்றாலும், இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. காரணம், இதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு.

இன்றைய நடுத்தர விலை ஃபோனின் திரையில் குறுக்கே 1,080, நெடுக்கே 2,400 புள்ளிகள். ஆக, கிட்டத்தட்ட 26 லட்சம். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் சொல்ல 24 பிட் வேண்டும். நொடிக்கு 60 படம். எல்லாவற்றையும் பெருக்கினால் நொடிக்கு 370 கோடி பிட்டைத் தாண்டுகிறது. சாதாரண வீட்டு வைஃபையால் இதில் பத்தில் ஒரு பங்கைச் சுமக்க முடிந்தாலே பெரிய விஷயம். ஆனால் காற்றில் உண்மையில் போவது 80 லட்சம் பிட் அளவுதான் இருக்கும். 460 பங்கில் ஒரு பங்கு! மீதியை அனுப்பாமலேயே படம் எப்படி முழுசாக வந்து சேர்கிறது?

கச்சேரி மேடையைப் பாருங்கள். பின்னால் தொங்கும் திரைச்சீலை அசையவில்லை, தம்பூரா அசையவில்லை. பாடகரின் முகமும் தாளம் போடும் கையும் மிருதங்கக்காரரின் விரல்களும்தான் அசைகின்றன. ஃபோனுக்குள் இருக்கும் சிப், படத்தைச் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்து, முந்தைய படத்தோடு ஒப்பிடுகிறது. மாறாத சதுரத்துக்கு ‘பழையதையே வைத்துக்கொள்’ என்று ஒரு குறிப்பு. இடம் மட்டும் மாறிய சதுரத்துக்கு, எந்தப் பக்கம் எவ்வளவு தள்ள வேண்டும் என்ற அளவு. புதிதாகத் தோன்றியதை மட்டும்தான் வரைந்து அனுப்ப வேண்டும். 2003-ல் வந்த எச்.264 என்ற தரநிலை, 16-க்கு 16 புள்ளிச் சதுரங்களை வைத்துக்கொண்டு இதைத்தான் செய்கிறது. தீபாவளிக்கு முந்தைய வாரம் ரங்கநாதன் தெருவில் எடுத்த வீடியோவை அதே ஃபோனில், அதே வைஃபையில் போட்டுப் பாருங்கள். ஆயிரம் தலைகள் ஆயிரம் பக்கம் நகர, பழைய படத்திலிருந்து எடுத்துக்கொள்ள அதிகம் மிஞ்சாது. படம் கட்டம் கட்டமாக உடையும். பழுது ஃபோனிலும் இல்லை, டிவியிலும் இல்லை.

புதிதாக வரைய வேண்டிய பகுதியைச் சுருக்கும் கணக்கில்தான் நம் ஊர் வருகிறது. 1974 ஜனவரியில் நாசிர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் என்ற மூவர் சில பக்கங்களே கொண்ட ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்கள். அகமது பெங்களூரில் பிறந்தவர். நடராஜன் அவருடைய ஆராய்ச்சி மாணவர். ராவ், அடையாற்றுக்கு அடுத்த கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து 1952-ல் பட்டம் பெற்றவர். இந்த யோசனைக்காக அகமது 1972-ல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை. அவர் விட்டுவிடவில்லை.

அவர்கள் தந்த கணக்கின் சாரம் இதுதான். படத்தின் ஒரு சதுரத்தைப் புள்ளி புள்ளியாக எழுதாமல், கொசைன் அலைகளின் கூட்டாக எழுதலாம். அப்படி எழுதினால் படத்தின் பெரும்பகுதி ஒரு சில எண்களிலேயே அடங்கிவிடும். மீதி எண்கள் பூஜ்யத்தை ஒட்டிக் கிடக்கும். அவை சொல்லும் நுண்ணிய சலசலப்பைக் கண் பெரிதாகக் கவனிப்பதில்லை என்பதால், தாராளமாகத் தள்ளிவிடலாம். நாம் ஃபோனில் எடுக்கும் ஜேபெக் படத்திலும் இந்தக் கணக்குதான், எச்.264 வீடியோவிலும் இதன் எளிய வடிவம்தான். சர்தார் படேல் சாலையில் அந்தக் கல்லூரியைத் தாண்டிப் போகும் பேருந்தில் எத்தனை பேர் கையிலோ இந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ராவின் பெயர் அந்தச் சாலையில் போகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

இவ்வளவு கெட்டிக்காரத்தனம் இருந்தும் படம் ஏன் சில வீடுகளில் திக்குகிறது? தி. நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நின்று வைஃபை பட்டியலைத் திறந்தால் பக்கத்து வீடு, மேல் வீடு என்று பெயர்கள் நீண்டுகொண்டே போகும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என மூன்றே. அத்தனை வீட்டு ரவுட்டர்களும் அதற்குள்தான் நெருக்கியடிக்கின்றன. புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான். ஃபோனையும் டிவியையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் பாதித் தொல்லை தீரும். அது சுவரைத் தாண்டுவதில் கொஞ்சம் சோர்ந்துபோகும், அதனால் ரவுட்டர் அதே அறையில் இருப்பது நல்லது. டிவியில் ‘கேம் மோட்’ இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். டிவி தன் பங்குக்குச் செய்யும் மெருகேற்றல் குறைந்து, தாமதமும் குறையும்.

கச்சேரிக்கு உண்மையில், ஃபோன் திரையை அப்படியே டிவிக்கு அனுப்பும் இந்த மிரரிங்கே தேவையில்லை. யூடியூப் திரையின் மேல் மூலையில் இருக்கும் காஸ்ட் பொத்தானைத் தட்டினால், ஃபோன் எந்த வீடியோ என்பதை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். டிவி தானே இணையத்திலிருந்து எடுத்து, சில நொடிகளுக்கான படத்தை முன்கூட்டியே சேர்த்துவைத்து ஓட்டும். மிரரிங்கில் அப்படிச் சேர்த்துவைக்க வழியில்லை. அடுத்த நொடி நீங்கள் எதைத் தட்டுவீர்கள் என்று ஃபோனுக்கே தெரியாதே!

ஃபோட்டோ ஆல்பம், பிள்ளைக்கு நடத்தும் பாடம் போன்றவற்றுக்கு மிரரிங் வேண்டும்தான். அதற்கு ஆப் ஸ்டோரில் தேடுவதற்கு முன் ஃபோனிலேயே தேடுங்கள். சாம்சங்கில் ஸ்மார்ட் வியூ, ஐஃபோனில் ஏர்ப்ளே, பல ஆண்ட்ராய்டு ஃபோன்களில் காஸ்ட் என்று ஏற்கெனவே இருக்கும். 2012-ல் வந்த மிராகாஸ்ட் முறையில் ஃபோனும் டிவியும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும், இணையமே வேண்டாம். ஆண்ட்ராய்டு ஃபோனைக் கணினியில் பார்க்க வேண்டும் என்றால் என் ஓட்டு எஸ்சிஆர்சிபிஒய் (scrcpy) என்ற இலவச நிரலுக்கு. யூஎஸ்பி கேபிளில் ஓடும், தாமதம் கண்ணுக்கே தெரியாது, ஃபோனில் எதையும் நிறுவிவிட்டுப் போகாது, மூல நிரல் எல்லோர் பார்வைக்கும் திறந்திருக்கிறது. அதன் அதிகாரபூர்வ கிட்ஹப் பக்கத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். அதற்காகத் திறந்த யூஎஸ்பி டிபக்கிங்கை வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள்.

புதிதாக ஒரு ஆப் போடத்தான் வேண்டும் என்றால், அது கேட்கும் அனுமதிகளைப் பாருங்கள். திரையைப் பதிவுசெய்யலாமா என்று கேட்பது நியாயம். ‘அக்சஸிபிலிட்டி’ அனுமதி கேட்டால் சுதாரியுங்கள். திரையை வாசிக்கவும் உங்களுக்குப் பதிலாகத் தட்டவும் அது வழிவிடும், படம் காட்டுவதற்கு அது எதற்கு? வங்கி ஆப்கள் பல, மிரரிங்கில் கறுப்பாகத் தெரியும்படி தம்மை மறைத்துக்கொள்கின்றன. ஆண்ட்ராய்டு 15 ஓடிபி அறிவிப்புகளையும் மறைக்கிறது. பழைய ஃபோனில் மேலிருந்து இறங்கும் குறுஞ்செய்தி அப்படியே அடுத்தவர் திரைக்கும் போய்விடும்.

எனக்குக் கவலை அதிகம் இந்த இடத்தில்தான். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக வசிக்கும் பெரியவருக்கு ஒரு ஃபோன் வருகிறது. ‘கேஒய்சி முடியப்போகிறது சார், இந்த ஆப்பைப் போடுங்கள், நானே சரிசெய்து தருகிறேன்.’ தொலைவிலிருந்து கணினி பழுதுபார்க்க உருவான நல்ல ஆப்கள்தான் இந்த மோசடிக்கும் பயன்படுகின்றன. 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி, அவற்றில் ஒன்றான எனிடெஸ்க்கைப் பெயர் சொல்லியே வங்கிகளை எச்சரித்தது. வாட்ஸ்அப்பிலும் 2023 முதல் வீடியோ அழைப்பிலேயே திரையைப் பகிரலாம், தனி ஆப்கூட வேண்டாம். அழைத்தவர் யாராக இருந்தாலும், திரையைக் காட்டச் சொன்னால் பேச்சை அதோடு துண்டித்துவிடும்படி அப்பா அம்மாவிடம் சொல்லிவையுங்கள். ஏற்கெனவே காட்டிவிட்டார்கள் என்றால் முதலில் ஃபோனின் இணையத்தை நிறுத்துங்கள். வேறொரு ஃபோனிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் பேசுங்கள், பணம் கைமாறிக் கைமாறிப் போவதற்குள்.