20 டாலர் டிக்கெட் 43 டாலர் ஆனது எப்படி? ரசிகர்களுக்காக 'தி க்யூர்' போட்ட சண்டை

உங்களுக்குப் பிடித்த இசைக்குழு ஊருக்கு வருகிறது. ஆன்லைன் வரிசையில் ஒரு மணி நேரம் காத்திருந்து, சீட்டைத் தேர்ந்தெடுத்து, பெயர், போன் நம்பர் எல்லாம் கொடுத்துக் கடைசிப் பக்கத்துக்கு வந்தால், விலை ஏறியிருக்கிறது. 'சரி விடு, இவ்வளவு தூரம் வந்தாச்சு' என்று பணத்தைக் கட்டிவிடுவீர்கள்.

இந்த 'சரி விடு'வை ஏற்க மறுத்த ஒரு பாடகரின் கதை இது.

யார் இந்த 'தி க்யூர்'?

இங்கிலாந்தின் க்ராலி நகரில் 1970களில் உருவான ராக் இசைக்குழு. ஆல்டர்நேட்டிவ் ராக் என்றதும் நினைவுக்கு வரும் முதல் சில பெயர்களில் ஒன்று. கலைந்த தலைமுடியும் உதட்டுச் சாயமுமாக மேடையேறும் ராபர்ட் ஸ்மித்தான் பாடகர். நானும் அவர்களின் ரசிகன்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லூரி ஹாஸ்டலில் ஒரு நண்பன் தந்த பென் டிரைவில் தொடங்கிய பழக்கம், இன்னும் விடவில்லை.

2023-ல் என்ன நடந்தது?

2016-க்குப் பிறகு முதல்முறையாக அமெரிக்காவில் பெரிய சுற்றுப்பயணத்தை அறிவித்தார்கள். சில ஊர்களில் 20 டாலருக்கே டிக்கெட். தேவை கூடக்கூட விலையை ஏற்றும் 'டைனமிக் பிரைசிங்' முறை வேண்டாம் என்று மறுத்தார்கள். பிளாக்கில் விற்பதைத் தடுக்க, சட்டம் இடம்கொடுத்த மாகாணங்களில் டிக்கெட்டை வேறொருவருக்கு மாற்ற முடியாதபடியும் செய்தார்கள்.

ஆனால் மார்ச் மாதம் விற்பனை தொடங்கியதும், ரசிகர்கள் போட்ட ஒரு ஸ்க்ரீன்ஷாட் பரவியது. நான்கு டிக்கெட்டுக்கான கணக்கு இது:

• டிக்கெட் விலை: 4 x 20 = 80 டாலர்
• சேவைக் கட்டணம்: 4 x 11.65 = 46.60 டாலர்
• அரங்கக் கட்டணம்: 4 x 10 = 40 டாலர்
• ஆர்டர் கட்டணம்: 5.50 டாலர்

மொத்தம் 172.10 டாலர். அதாவது ஒரு டிக்கெட் சுமார் 43 டாலர். பாட்டுக்கு 80, கட்டணத்துக்கு 92.10!

இசைக்குழு ஏன் தடுக்கவில்லை?

டிக்கெட்டின் அடிப்படை விலையில் இசைக்குழுவுக்குப் பங்கு உண்டு. மற்ற கட்டணங்கள் டிக்கெட் நிறுவனமும் அரங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் வருபவை. மேடையில் பாடுபவருக்கு அதில் பெரிதாக அதிகாரம் இல்லை.

ஸ்மித் சும்மா இருக்கவில்லை. இந்தக் கட்டணங்களுக்கு என்ன நியாயம் என்று ட்விட்டரில் வெளிப்படையாகக் கேட்டார். ஒரு வாரத்துக்குள் டிக்கெட்மாஸ்டர் இறங்கிவந்தது. மிகக் குறைந்த விலை டிக்கெட் ஒவ்வொன்றுக்கும் 10 டாலர், மற்றவற்றுக்கு 5 டாலர் திருப்பித் தந்தது.

இது வெற்றியா? பாதி வெற்றி என்றுகூடச் சொல்ல முடியாது. மேலே பார்த்த ரசிகருக்கு 92.10-ல் திரும்பக் கிடைப்பது 40 டாலர்தான். 1994-ல் இதே நிறுவனத்துக்கு எதிராக அமெரிக்க நீதித்துறையிடம் புகார் கொடுத்தது 'பேர்ல் ஜாம்' குழு. அந்த விசாரணை 1995-ல் நடவடிக்கை எதுவும் இல்லாமல் முடிந்தது. ஆனால் விஷயம் அதோடு ஓயவில்லை. 2025 மே மாதம் முதல், கட்டணங்களையும் சேர்த்த விலையை ஆரம்பத்திலேயே காட்ட வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது.

இந்தியாவில் உங்களுக்கு என்ன பாதுகாப்பு?

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள், 13 வகை 'டார்க் பேட்டர்ன்'களைத் தடை செய்கின்றன. அதில் ஒன்று 'டிரிப் பிரைசிங்': முதலில் ஒரு விலையைக் காட்டிவிட்டு, பிறகு சொட்டுச் சொட்டாகக் கட்டணம் சேர்ப்பது. கவனியுங்கள், கட்டணம் வாங்குவதையே இது தடுக்கவில்லை. மறைத்துவைத்து வாங்குவதைத்தான் தடுக்கிறது.

அடுத்தமுறை டிக்கெட் எடுக்கும்போது முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவையுங்கள். விலை வித்தியாசத்தை முன்கூட்டியே சொல்லவில்லை என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் செய்யலாம். ராபர்ட் ஸ்மித் குரல் கொடுத்தார், உண்மைதான். ஆனால் அவர் கையில் கணக்கைக் கொடுத்தது அந்த ஸ்க்ரீன்ஷாட்தான்.